நான்கு பேரும் நலம்

காரியம் கெடத் தொடங்கியது ஒரு மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு. நேரத்தைப் பிசகாமல் சொல்கிறேன், ஏனென்றால் அதை நானே மஞ்சள் தாளில் எழுதினேன். எழுதும்போது என் கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நல்லது. பக்கத்து மேசையில் இருந்தவர் கண்டு, என்னை எழுப்பிவிட்டு என் கதிரையில் தான் உட்கார்ந்திருப்பார்.

தொடர்பு மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். பத்தொன்பது வருடம் அந்த மேசையில் இருந்தவளிடம் அறிவுரைகள் நிறைய இருக்கும் என்று நினைத்திருக்கலாம். என்னிடம் இருந்தது பெரும்பாலும் அந்த ஒரு நாளில் தீர்ந்துபோய்விட்டது. ஆகவே அந்த நாளையே எழுதுகிறேன்.

மேசையின் வேலை பிறருக்காகக் கடிகாரம் பார்ப்பது. ஆபிரிக்க உட்கிராமங்களில், கன்னியாஸ்திரிகளான நம் சிஸ்டர்மார் நடத்தும் மருந்தகம் எதிலும் இரண்டு மூன்று பேருக்கு மேல் இல்லை. ஒருவர் கிராமங்களுக்குப் போய்விட்டால், மற்றவரின் முன்னால் வாசல் தாண்டி வரிசை நிற்கும். போனவர் திரும்பினாரா என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஆளில்லை. அந்தக் கவலையை மட்டும் நாம் லண்டனுக்கு எடுத்துக்கொண்டோம். அப்டன் பார்க்கில் ஒரு புடைவைக் கடைக்கு மேல்மாடியில் இருந்து அதைச் செய்கிறோம். யார் போகிறார்கள், என்ன கொண்டுபோகிறார்கள் என்று புறப்படுமுன் சிஸ்டர் அறிவிப்பார். நாம் மஞ்சள் தாளின் முன்பக்கத்தில் ஆட்களையும் பின்பக்கத்தில் பொருட்களையும் எழுதுவோம். சேர்ந்ததும் ஒரு செய்தி வரும், திரும்பும்போது ஒரு செய்தி வரும். நாற்பது நிமிடத்துக்கு மேல் பிந்தினால் நாம் தேடும் அலுவலைத் தொடங்க வேண்டும்.

எனக்கு இந்த வேலையைப் பழக்கியவர் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண்மணி. லண்டன் ஆஸ்பத்திரிகளில் மருத்துவச்சியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் சேர்ந்த முதல் வருடம் இரண்டு மருந்துப் பெட்டிகள் போய்ச் சேரவில்லை. அங்குள்ள சுங்க முகவர்தான் எடுத்திருக்க வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அவருக்கு மூன்று கடுமையான கடிதங்கள் எழுதினேன். மனிதர் மூன்றுக்கும் பணிவாகவே பதில் போட்டார். பணிவு கூடக்கூட எனக்குச் சந்தேகமும் கூடியது. ஐந்தாவது வாரம் அந்தப் பெண்மணி, பெட்டிகளில் நான் எழுதி ஒட்டிய முகவரியின் பிரதியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். ஒரே புனிதரின் பெயரில் நமக்கு இரண்டு மருந்தகங்கள் உண்டு. ஒன்று ஆற்றோரம், மற்றது மலையில். பெட்டிகள் மலையில் பத்திரமாக இருந்தன.

"ஆளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி தாளைச் சந்தேகப்படு பிள்ளை. தாள் கோவிச்சுக்காது லா" என்றார்.

அவர் ஏற்படுத்திவிட்டுப் போன இன்னொரு விதியும் உண்டு. உங்கள் சொந்தக்காரர் யாராவது அங்கே வெளியில் போயிருக்கும் நாளில், நீங்கள் மேசையில் இருக்கக் கூடாது. காரணம் சொல்ல மாட்டார். நான் அதை மற்றவர்களுக்கான விதி என்று நினைத்திருந்தேன்.

அபி என் ஒரே பிள்ளை. தாதியாகப் படித்து, கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு வருடம் வேலை செய்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேஸ்டோவில் எங்கள் வீட்டுக் குசினியில், தேநீர்க் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, ஆறு மாசம் சிஸ்டர்மாரிட்டைப் போறன். லீவு எடுத்திட்டன்."

"எடுத்திட்டியோ, எடுக்கப் போறியோ?"

"எடுத்திட்டன்."

"ஏலாது அபி."

"நீங்கள் பத்தொன்பது வருசமா மற்றாக்களின்ர பிள்ளையளை அனுப்புறீங்கள்தானே?"

"அவை சிஸ்டர்மார்."

"சிஸ்டர்மாருக்கு அம்மா இல்லையோ?"

 ஆர்ச்வே முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய் அவள் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஆற்றோர மருந்தகத்தின் பொறுப்பாளர் சிஸ்டர் செலஸ்டின் தூத்துக்குடிக்காரர். இருபது வருடமாக ஸாம்பியாவின் மேற்கில், மழைக்காலத்தில் கடலாகிவிடும் ஒரு சமவெளியில் இருக்கிறார். அவரிடம் போனில் அர்ச்சனையைச் சொன்னேன். சிரித்தார்.

"முருகன்கிட்ட சொல்லிட்டீங்களா? நாங்க இங்க மாதாகிட்ட சொல்லிட்டோம். ரெண்டு பக்கமும் ஆள் இருக்கும்மா. பயப்படாதீங்க, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்."

நான் பயப்பட்டேன். சந்தேகமும் பட்டேன். அபி அனுப்பிய படங்களைப் பெருப்பித்து, முகத்தில் காய்ச்சல் தெரிகிறதா என்று பார்த்தேன். "நல்லாச் சாப்பிடுறன்" என்று சொன்னால், ஏன் கேட்க முதலே சொல்கிறாள் என்று யோசித்தேன். கிராமங்களுக்கு ஜீப்பில் போகிறோம் என்றவள், வெள்ளம் வந்ததும் படகில் போகிறோம் என்றாள். படகையும் அதன் எஞ்சினையும் அதை ஓட்டும் மனிதரையும் பற்றி அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என் காது நுளம்பு வலையிலும் முதலையிலும் இருந்தது. அவள் வெளியில் போகும் நாட்களில் மேசையை விட்டுக் கொடுத்தேனா என்றால், முதல் மாதம் கொடுத்தேன். பிறகு கொடுக்கவில்லை. வேறொருவர் தேநீர் குடித்துக்கொண்டே என் பிள்ளையின் நேரத்தைப் பார்ப்பதை எதிர்ப்பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சேர்ந்தோம் என்ற செய்தி நான் மாடியேறுமுன்பே வந்திருந்தது. திரும்புகிறோம் என்ற செய்தி லண்டன் நேரம் பத்து மணிக்கு, அங்கே பன்னிரண்டுக்கு, வரவேண்டும். வரவில்லை. பத்து நாற்பதுக்கு நேரத்தை எழுதினேன்.

பக்கத்து மேசையில் செந்தில் இருந்தார். திருச்சிக்காரர், வங்கி வேலையை விட்டுவிட்டு நம்மிடம் வந்தவர். இன்று உங்கள் பொறுப்பாளர் அவர்தான்.

"அக்கா, அபி போயிருக்கிற படகுதானே இது?"

"ஓம்."

"ரூல் உங்களுக்குத் தெரியும்ல? எந்திரிங்க, நான் பாக்குறேன்."

"ஒரு அஞ்சு நிமிசம் செந்தில்."

"அஞ்சு நிமிஷம்னு சொல்றவங்க யாரும் எந்திரிச்சதா சரித்திரமே இல்ல."

என் கதிரையில் அவருக்குக் கண் என்று எனக்கு அந்த நேரம் தோன்றியது. எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் தோன்றியது.

பதினொன்று ஐந்துக்கு சிஸ்டரின் போனில் இருந்து செய்தி வந்தது. ஆங்கிலத்தில் மூன்று சிறிய வரிகள். தாமதம். நான்கு பேரும் நலம். உதவி எடுக்கப் போகிறேன்.

பிந்தினால் ஆள் எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும் என்பது நம் விதி. ஆகவே எண்ணிக்கை இருந்தது சரி. எண்ணிக்கைதான் பிழை. நான் தாளைப் பார்த்தேன். சிஸ்டர் செலஸ்டின், அபி, அந்த ஊர்ச் சுகாதாரப் பணிப்பெண் ஒருவர். மூன்று பெயர்கள். நான்காவது ஆள் யார்?

இன்னொன்றும் இருந்தது. சிஸ்டர் செலஸ்டின் எந்தச் செய்தியையும் தோத்திரம் சொல்லாமல் தொடங்கியதில்லை. வயிற்றோட்ட மருந்து முடிந்துவிட்டது என்பதைக்கூட "ஆண்டவருக்குத் தோத்திரம்" என்றுதான் தொடங்குவார். இதில் தோத்திரம் இல்லை. போகிறோம் என்று இல்லை, போகிறேன் என்று இருந்தது. இது சிஸ்டர் எழுதியதல்ல.

அந்த எண்ணுக்கு எடுத்தேன். ஓர் ஆண் குரல் பேசியது.

"சிஸ்டர் எங்கே?"

"கிராமத்தில், மேடம். போன்கள் என்னிடம் இருக்கின்றன."

போன்கள் என்றான். நான் வைத்துவிட்டு அபியின் எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. அதே குரல் எடுத்தது.

"என் மகள் எங்கே?"

"உங்கள் மகள் நலம், மேடம். ஒரு பெண்ணோடு இருக்கிறார். நான் போக வேண்டும், எனக்கு நேரமில்லை."

தொடர்பு அறுந்தது. அவன் அறுத்தான் என்றுதான் நான் எழுதினேன். தாளில் இன்றும் அப்படியே இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

நான் வளர்ந்த யுத்த காலத்தில், நான் வளர்ந்த ஊரில், ஒருவருடைய பொருள் இன்னொருவர் கையில் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஆளில்லாமல் அடையாள அட்டை மட்டும் வீடு வந்து சேர்ந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். என் பிள்ளையின் போனில் அந்தக் குரலைக் கேட்டபோது நான் லண்டனில் இல்லை. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நீங்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரைச் சுமந்துகொண்டுதான் அந்தக் கதிரையில் உட்காருவீர்கள். அது எப்போது உங்கள் வாயால் பேசத் தொடங்குகிறது என்று கவனியுங்கள்.

செந்தில் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"படகை ஓட்டுறது யாரு அக்கா?"

"சிஸ்டர்தான். ஜீப்பையே அவதான் ஓட்டுறவ."

"நிச்சயமாவா?"

"செந்தில், என்ர பிள்ளையின்ர போனை ஒருத்தன் வைச்சிருக்கிறான். நீர் படகைப் பற்றிக் கதைக்கிறீர்!"

படிகள் உங்களுக்குத் தெரியும். முதலில் மருந்தக வீட்டுக்கு எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பத்து நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை. பிறகு பங்குச் சாமியார். பிறகு படகுத்துறை. பொலிஸ் கடைசி, அதுவும் மேசையில் இன்னொருவர் சம்மதித்தால். நான் மருந்தக வீட்டுக்கு ஒரு தடவை எடுத்தேன். மணி அடித்து ஓய்ந்தது. அவர்களும் எடுக்கவில்லை என்பது என் சந்தேகத்தோடு சேர்ந்துகொண்டது.

"இன்னொரு தடவை அடிங்கக்கா."

"நேரமில்லை."

"பொலிஸுக்கு நான் ஓகே சொல்லல."

"நீர் பிள்ளை பெத்தனீரோ?"

அவர் தன் மேசைக்குத் திரும்பிப் போனார். செந்திலுக்கும் அவர் மனைவிக்கும் பிள்ளை இல்லை என்பதும், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய துக்கம் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

படகுத்துறைப் பொலிஸ் நிலையத்தின் எண் சுவரில் ஒட்டியிருந்தது. ஓர் அதிகாரி எடுத்தார். லண்டனில் இருந்து பேசுகிறேன் என்றேன். ஓர் ஆண், எங்கள் சிஸ்டரின் போனையும் தாதியின் போனையும் வைத்திருக்கிறான் என்றேன்.

"அவர் பெயர் என்ன, மேடம்?"

"தெரியாது."

"எப்படி இருப்பார்?"

"தெரியாது."

"அந்தப் பெண்கள் எங்கே?"

"காணவில்லை."

அந்தச் சொல்லை நான்தான் சொன்னேன். காணவில்லை என்று எனக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை. கிராமத்தில் இருக்கிறார்கள் என்றுதான் அந்தக் குரல் சொல்லியிருந்தது. கிராமத்தில் என்று சொன்னால் அதிகாரி அசைய மாட்டார் என்று எனக்குப் பட்டது. ஆகவே அசைப்பதற்குத் தேவையான சொல்லைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். லண்டனில் இருந்து பேசுகிறேன் என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

பன்னிரண்டு இருபத்தைந்துக்கு அதிகாரி திரும்ப அழைத்தார். எஞ்சின் படகில் வந்த ஒருவரைத் துறையிலேயே பிடித்துவிட்டார்கள். இரண்டு போன்களும் அவரிடம் இருந்தன. மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டி ஒன்றும் இருந்தது.

"பிடிச்சிட்டினம்!" என்றேன் செந்திலிடம். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

"சிஸ்டர் எங்கன்னு அவர்கிட்ட கேட்டாங்களா?"

"கேட்டுக்கொண்டு இருக்கினமாம்."

"வேற யாராவது படகு எடுத்துக்கிட்டுக் கிராமத்துக்குப் போறாங்களா?"

நான் அதைக் கேட்கவே இல்லை. ஆளைப் பிடித்ததோடு என் வேலை முடிந்துவிட்டது போல ஓர் ஆறுதல். கீழே கடையில் யாரோ புடைவைக்கு விலை பேசிச் சிரிப்பது கேட்டது. நான் ஒரு தேநீர் போட்டுக் குடித்தேன். அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தேநீர் குடித்தேன்.

ஒன்றரை மணிபோல், கோப்பில் வைப்பதற்காக மஞ்சள் தாளை இருபுறமும் பிரதி எடுக்கச் செந்தில் கொண்டுபோனார். இயந்திரத்தடியில் அவர் நின்றுவிட்டதைக் கண்டேன். தாளை எடுத்து வந்து, பின்பக்கத்தை மேலே திருப்பி, என் முன்னால் வைத்தார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்.

"நாலாவது ஆள் இங்க இருக்காருக்கா. பெட்ரோல் கேனுக்கு மேல."

பொருட்களின் பட்டியல் என் கையெழுத்தில் இருந்தது. எஞ்சின் படகு, ஓட்டுபவருடன், ஒன்று. பெட்ரோல் கேன், இரண்டு. தடுப்பூசிப் பெட்டி, ஒன்று. உயிர்காப்பு அங்கி, நான்கு.

நான்கு அங்கி என்று எழுதிய கைதான், முன்பக்கத்தில் மூன்று பெயர்களை எழுதியிருந்தது.

அந்தத் தாளை அச்சடிக்கக் கொடுத்ததும் நான்தான். முன்பெல்லாம் சிஸ்டர்மார் தாங்களே ஜீப் ஓட்டினார்கள், ஓட்டுநருக்கு இடம் தேவைப்படவில்லை. படகு வந்தபோது அதை ஓட்டுபவரை எங்கே எழுதுவது என்று தெரியாமல், படகோடு சேர்த்துப் பின்பக்கத்தில் போட்டேன். அவர் பெயரை சிஸ்டர் அனுப்பியிருந்தார். அதை எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை. படகென்றால் ஓட்ட ஒருவர் வேண்டும் என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அன்று நான் எண்ணியது என் தாளில் இருந்த பெயர்களை.

பொலிஸுக்கு எடுத்தேன். பிழை நடந்துவிட்டது, அவர் எங்கள் ஆள், விட்டுவிடுங்கள் என்றேன். 

"மேடம், வந்த நேரத்தில் இருந்து அவர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிராமத்தில் ஒரு பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இரத்தம் நிற்கவில்லையாம். சிஸ்டர் எழுதிய துண்டுச் சீட்டும் காட்டினார். ஆனால் உங்கள் புகார் லண்டனில் இருந்து வந்தது."

புகாரை வாபஸ் வாங்குவது எழுத்தில் வேண்டும் என்றார். மின்னஞ்சல் அனுப்பினேன். அங்கே மின்சாரம் இல்லை. நான் அந்த அதிகாரியோடு வாதாடிக்கொண்டிருக்க, செந்தில் மருந்தக வீட்டுக்கு எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள். நான் எடுத்த நேரம் அவர்கள் மதியச் செபத்தில் இருந்திருக்கிறார்கள், செபக்கூடத்துக்குள் போன் கொண்டுபோவதில்லை. பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரிந்த வழக்கம் அது. பத்து நிமிடம் பொறுத்து இன்னொரு தடவை எடு என்று படிகளில் எழுதியிருப்பதே அதற்காகத்தான்.

வீட்டில் இருந்த சிஸ்டர், துண்டில் என்ன இருக்கும் என்று ஊகித்து, மருந்துகளைக் கூடையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் துறைக்குப் போனார். அதிகாரியின் முன்னால் தாமே எழுதிக் கையெழுத்திட்டார். இரண்டு முப்பதுக்கு, அங்கே மாலை நாலரைக்கு, படகோட்டியை விட்டார்கள். நான் எடுத்த போன், அவரை இரண்டு மணி ஐந்து நிமிடம் ஒரு வாங்குப் பலகையில் இருத்தி வைத்திருந்தது. அதன் பிறகு கிராமத்துக்கு இன்னும் ஒன்றரை மணி நேரப் பயணம்.

மறுநாள் காலைவரை செய்தி இல்லை. நான் அலுவலகத்தில் இருந்தேன். என் கதிரையில் செந்தில் இருந்தார். எட்டு மணிக்கு அவர் திரையை என் பக்கம் திருப்பினார். ஆண்டவருக்குத் தோத்திரம். ஆறு பேரும் உயிரோடு இருக்கிறோம்.

நலம் என்று சிஸ்டர் எழுதவில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் என்னோடு பேசினார். தடுப்பூசி போடத்தான் போயிருந்தார்கள். ஒரு குடிசைக்குள் இருந்து கூப்பிட்டார்கள். முதற்பிள்ளை பெற்ற பெண், பத்தொன்பது வயது. கையில் இருந்த மருந்து ஒரு தடவைக்குத்தான் போதுமாக இருந்தது. அந்தக் கிராமத்தில் சிக்னல் இல்லை. கால் மணி நேரம் படகில் போனால் வெள்ளத்துக்கு மேலே ஒரு கறையான் மேடு உண்டு, அதில் ஏறி நின்றால் சிக்னல் கிடைக்கும். எல்லோருடைய போன்களையும் ஒரு பையில் போட்டுப் படகோட்டியிடம் கொடுத்து, அவர்கள் எழுதி வைத்த செய்திகளை அவர் மேட்டில் ஏறி அனுப்புவது வழக்கம், அன்று மட்டும் சிஸ்டருக்கு நேரமில்லாமல் செய்தியை அவரே எழுதினார். எது எந்த நேரம் வேலை செய்யும் என்று தெரியாததால் எல்லாப் போனும் போகும். லண்டனில் இருந்த எனக்கு அது தெரியாது. நான் கேட்டதுமில்லை.

"மாவட்ட ஆஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கம்மா. உயிர் தப்பிச்சுட்டா. பிள்ளையும் இருக்கு."

"அந்த ரெண்டு மணித்தியாலத்தாலேயோ, சிஸ்டர்?"

"ஆமான்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நீங்க நல்லா இருக்கணும்னு பொய் சொல்லுறதுக்கு எனக்கு அனுமதி இல்ல." பிறகு சொன்னார், "அவரு பேரு முபீட்டா. பதினோரு வருசமா எங்க கூட இருக்காரு. எழுதிக்கிடுங்க."

எழுதிக்கொண்டேன். இப்போது மஞ்சள் தாளின் முன்பக்கத்தில் முதல் வரி, வாகனத்தை ஓட்டுபவரின் பெயருக்கானது. அது வெறுமையாக இருந்தால் எவரும் புறப்பட முடியாது. அது ஏன் என்று கேட்பீர்கள் என்பதால்தான் இவ்வளவும்.

ஏப்ரல் முடிய நான் வேலையை விட்டேன். என்னை எவரும் போகச் சொல்லவில்லை. செந்திலிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்றார். விட்டாரா என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் அந்த ஒரு பிள்ளையோடு இருப்பாள். அதற்கு என்னிடம் எந்தப் படியும் இல்லை.

சந்தேகப்படாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த மேசையில் உங்களுக்குச் சம்பளமே சந்தேகப்படுவதற்குத்தான். ஆனால் ஒரு மனிதரைப் பற்றிப் பொலிஸிடம் சொல்லப்போகும்போது, அவர் பெயர் என்ன என்று கேட்டால் சொல்ல உங்களிடம் ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்னும் போன் எடுக்கும் நேரம் வரவில்லை. தாளைத் திருப்பிப் பாருங்கள்.

ஆகஸ்டில் அபி திரும்பினாள். விமான நிலையத்தில் என்னைக் கட்டிப்பிடித்தாள், ஆனால் அந்த நாளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததையும் நான் சந்தேகப்பட்டேன். எனக்குச் சொல்லக்கூடாத ஏதோ நடந்திருக்கிறது, அந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் ஏதோ மறைக்கிறாள் என்று இரவும் பகலும் நினைத்தேன். மூன்றாவது வாரம் குசினியில் கேட்டேவிட்டேன்.

"அபி, அண்டைக்கு அவர் வந்து சேர்ந்தவுடனே என்ன சொன்னவர்? என்னைப் பற்றி."

அவள் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"அம்மா, நாலு மணித்தியாலத்துக்கு மேலே நானும் சிஸ்டரும் மாறி மாறி அவவின்ர வயித்தை அமத்திக்கொண்டே இருந்தனாங்கள். கை விறைச்சுப்போச்சு. படகின்ர சத்தம் கேட்கேக்கை பொழுது படுது. முபீட்டா அங்கிள் தண்ணிக்குள்ளை நடந்து வாறார், மருந்துக்கூடையைத் தலைக்கு மேலே பிடிச்சுக்கொண்டு. என்ன நடந்தது, ஏன் பிந்தினது எண்டு ஒண்டும் சொல்லேல்லை. பொலிஸ் எண்டதே அடுத்த நாள்தான் எங்களுக்குத் தெரியும்."

"அப்ப அவர் ஒண்டுமே சொல்லேல்லையோ?"

"சொன்னவர். கூடையைச் சிஸ்டரிட்டைக் குடுத்திட்டு, பையைத் திறந்து என்ர போனைத் துடைச்சுத் தந்தவர். தந்திட்டுச் சொன்னவர், 'போன் நனையவில்லை. உங்கள் அம்மா எடுத்தார். நீங்கள் நலம் என்று சொன்னேன், அவர் நம்பவில்லை. இங்கே வேலை முடிந்ததும் சொல்லுங்கள், உங்களை மேட்டுக்குக் கூட்டிப்போகிறேன். உங்கள் குரலைக் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி வரும்.'"